இரண்டு முறை பதிவான பெயர்

அருள்செல்வி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். காலை ஏழரை மணி. தட்டில் இட்லி ஆறிப்போயிருந்தது.

கோயமுத்தூரில், திருச்சி ரோட்டை ஒட்டிய மருத்துவமனை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக லேப் டெக்னீஷியன் அவள். நேற்று, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெண்ணின் ரத்த வகை கம்ப்யூட்டரில் 'ஏ பாசிட்டிவ்' என்று இருந்தது. ரத்தம் ஏற்றுவதற்கு முன் பொருத்திப் பார்த்தபோது சேரவில்லை. மறுபடி சோதித்தால் அந்தப் பெண் 'ஓ பாசிட்டிவ்'. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும்.

நிர்வாகி லட்சுமணசாமி சத்தம் போடவில்லை. "நாளைக்கு மூணு மணிக்குள்ள எழுத்துல விளக்கம் குடுத்துருங்க. அதுவரைக்கும் லேப்புக்குள்ள போக வேண்டாமுங்க" என்றார். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் ஓடும் அந்த லேப் புரோகிராமை எழுதியவள் அருள்செல்வியின் மகள் ஜோஸ்லின்.

ஒன்று, அம்மா தப்பாக அடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் மகள் தப்பாக எழுதியிருக்க வேண்டும். புலியகுளத்து வீட்டில் மூன்று பேரும் இதை வாயால் சொல்லாமலே நேற்றைய பொழுதைக் கழித்திருந்தார்கள்.

ஜோஸ்லின் தலை துவட்டிக்கொண்டே வந்தவள், அம்மாவின் தோளுக்கு மேலாகக் கடிதத்தைப் படித்தாள். 'வயது காரணமாகவும் மறதி காரணமாகவும் என் கையால் நேர்ந்த பிழை' என்று இருந்தது.

"என்னங்கம்மா இது? மறதியா?"

அருள்செல்வி பேனாவை மூடினாள். "உனக்குத் தெரியாது கண்ணு. கொஞ்ச நாளாவே எனக்கு அப்படித்தான் இருக்குது. ஒரு பேருக்கு ரிசல்ட் அடிச்சுபோட்டேன்னு நெனச்சிட்டு இருப்பேன். சித்த நேரம் கழிச்சுப் பார்த்தா அந்தப் பேர் அடிக்காம அப்படியே நிக்கும். மறுபடி அடிப்பேன்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை. நாலு இருக்கும். யார்கிட்டயும் சொல்லல. நாப்பத்தொன்பது வயசுல இப்படின்னா, அறுபதுல என்ன ஆவேனோன்னு..."

 ஜன்னலோரம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் அந்தோணிராஜ் திரும்பினார். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபோர்மேன். அதிகம் பேசாதவர்.

"மறதிக்காக மட்டும் அவ எழுதல அம்மணி. அவ தப்புன்னு ஒத்துக்கிட்டா உன்ற புரோகிராமுக்குக் கெட்ட பேர் வராது. உன்ற வேலையும் தப்பிச்சுக்கும். அதுக்குத்தான் உக்காந்து எழுதறா."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அருள்செல்வி.

ஜோஸ்லின் இரண்டு வருஷம் உழைத்து எழுதிய புரோகிராம் அது. அதில் தப்பு இருக்காது என்று நேற்று முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்லும்போது அம்மாவைத்தான் குற்றவாளி ஆக்குகிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

"அம்மா, நான் சேர்த்து வைக்கச் சொன்ன ஃபிளாப்பி எல்லாம் எங்க?"

"பீரோவுல, ஊசி வந்த அட்டைப் பெட்டிக்குள்ள. எல்லா நாளும் இருக்குது."

"மூணு மணி வரைக்கும் இந்தக் கடிதத்தைக் குடுக்காதீங்க. நான் வாரேன்."

அருள்செல்வி கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

*

ஆர்.எஸ்.புரத்தில் மாடியில் இருந்தது ஜோஸ்லின் வேலை பார்க்கும் கம்பெனி. ஆறு கம்ப்யூட்டர், ஏழு பேர். முதலாளி பாலகோபால் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். அட்டைப் பெட்டியைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன அது?"

"கன்சோல் லாக், சார். எங்கம்மா தினமும் சேர்த்து வெச்சது."

ஜோஸ்லினின் புரோகிராம் நெட்ஸ்கேப் பிரவுசருக்குள் ஓடுவது. அதன் பின்னால் கன்சோல் என்று ஒரு சின்ன ஜன்னல் உண்டு. புரோகிராம் தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் மணி, நிமிஷம், விநாடியோடு அதில் ஒரு வரியாக எழுதும்; அந்தப் பதிவுதான் லாக். எந்தப் பெயர் திறந்தது, என்ன அடிக்கப்பட்டது, சர்வரிலிருந்து பதில் எப்போது வந்தது, எல்லாம். பிரவுசரை மூடினால் அத்தனையும் போய்விடும். அதனால் சாயங்காலம் மூடுவதற்கு முன் அந்த வரிகளை எடுத்து ஃபிளாப்பியில் சேர்த்து வையுங்கள் என்று லேபில் இருந்தவர்களிடம் ஜோஸ்லின் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். அருள்செல்வி ஒரு நாளும் விடவில்லை. அந்த வரிகள் என்ன சொல்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. மகள் கேட்டாள், செய்தாள்.

பாலகோபால் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு ஜோஸ்லின். நமக்கு முதல் ஆஸ்பத்திரி அது. உங்கம்மாவே ஒத்துக்குவாங்க போலன்னு லட்சுமணசாமி சொன்னார். அதோட முடிஞ்சுது. லாக்கை நாம திறந்து பார்த்ததாவே இருக்க வேண்டாம்."

"பார்க்காம எப்படிங்க சார் முடியும்?"

"பார்த்து, அதுல ஏதாவது இருந்துச்சுன்னா? ஏழு குடும்பம் இருக்குது இங்க. யோசிச்சுக்கோ." பைக் சாவியை எடுத்துக்கொண்டார். "நான் திருப்பூர் போறேன். சாயங்காலம் பேசலாம்."

அவர் படியிறங்கும் சத்தம் நிற்கும்வரை ஜோஸ்லின் காத்திருந்தாள். பிறகு 9-8-99 என்று அம்மா கையெழுத்தில் எழுதியிருந்த ஃபிளாப்பியை உள்ளே தள்ளினாள். ஆபரேஷனுக்கு வந்த பெண்ணின் ரத்த வகை பதிவான திங்கட்கிழமை அது.

வரிகள் திரையில் இறங்கின. 11:47:20. அந்தப் பெண்ணின் பெயர். அடித்தது, ஓ பாசிட்டிவ். சேமி.

அம்மா சரியாகத்தான் அடித்திருந்தாள்.

அப்புறம் எப்படி மாறியது?

சேர்த்து வைத்த வரிகளைப் படித்து, அதே வேலைகளை அதே வரிசையில் திரும்பச் செய்துகாட்ட ஜோஸ்லின் முன்பே ஒரு குட்டிப் புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். சோதனைக்கென்று இருந்த கம்ப்யூட்டரில் திங்கட்கிழமையை ஓட்டினாள். பெயர் திறந்தது, ரத்த வகை பதிந்தது, அடுத்த பெயர் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது முறை ஓட்டினாள். சரி. மூன்றாவது முறையும் சரி.

 புரோகிராமில் தப்பில்லை என்றால் மகிழ வேண்டியவள் அவள். ஆனால் அம்மாவும் தப்பாக அடிக்கவில்லை. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது.

மணி பதினொன்றரை. வீட்டுக்கு போன் செய்தாள்.

"அம்மா, ஒரு பேருக்கு அடிச்சு 'சேமி' அழுத்தினதும் என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த பேரை எடுப்பேன்."

"திரையில மணல் கடிகாரம் மாதிரி ஒண்ணு வருமே. அது போறவரைக்கும் நிப்பீங்களா?"

"எதுக்கு நிக்கோணும்? காலையில நூறு பேர் ரிசல்ட் கெடக்கும். அது பாட்டுக்கு நிக்கும், நான் பாட்டுக்கு அடிப்பேன். ஏன் கண்ணு, நிக்கோணுமா?"

ஜோஸ்லின் போனைப் பிடித்தபடி திரையைப் பார்த்தாள். அவளுடைய குட்டிப் புரோகிராம் வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டியதே தவிர, நடுவில் இருந்த விநாடிகளை விட்டுவிட்டது. ஒரு வேலை முடிந்ததும் அடுத்தது. ஆனால் லேபில் அப்படி நடக்கவில்லை. ஒரு வேலை முடிவதற்குள் அம்மா அடுத்ததைத் தொடங்கியிருந்தாள்.

நேரத்தையும் சேர்த்து ஓட்டும்படி மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. சர்வரிலிருந்து பதில் எந்த விநாடியில் வந்ததோ, இங்கேயும் அதே விநாடியில் வரவேண்டும். கை இரண்டு முறை தப்பாக அடித்தது. பக்கத்து மேசைக்காரி சாப்பிடக் கூப்பிட்டதும் அவள் காதில் விழவில்லை.

மறுபடி திங்கட்கிழமை. ஆபரேஷன் பெண்ணுக்கு ஓ பாசிட்டிவ், சேமி. அந்த நேரத்தில் பில் கவுண்டரில் பிரிண்ட் எடுப்பார்கள், சர்வர் மெதுவாக இருக்கும். பதில் வர ஒன்பது விநாடி. அதற்குள் ஆறாவது விநாடியில் அம்மா அடுத்த பெயரைத் திறந்துவிட்டாள். ஒன்பதாவது விநாடியில் பதில் வந்தது. திரையில் அடுத்தவரின் பெயர் அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே புரோகிராம் ஆபரேஷன் பெண்ணின் நோயாளி எண்ணுக்குத் திரும்பிப் போயிருந்தது. அம்மா அடுத்தவருக்கு 'ஏ பாசிட்டிவ்' என்று அடித்தாள். அது ஆபரேஷன் பெண்ணின் பெயரில் போய் உட்கார்ந்தது.

ஜோஸ்லின் நாற்காலியில் சாய்ந்தாள்.

மெதுவாக அடிப்பவர்களிடம் இது ஒரு நாளும் வராது. ஆபீசில் சோதித்தவர்கள் எல்லோரும் ஒற்றை விரலால் அடித்தவர்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கமுள்ள கையிடம்தான் அது மாட்டியது. அம்மாவுக்கு மறதியில்லை. அந்த நினைப்பில் ஒரு கணம் நெஞ்சு லேசானது. அடுத்த கணம், இதை எழுதியவள் நான் என்பது கல்லாக விழுந்தது.

அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. அடுத்தவருக்கு அடித்தது வேறு பெயரில் போய்விட்டால், அவர் பெயர் அடிக்காமல் அப்படியே நிற்கும். அம்மா மறுபடி அடிப்பாள். லாக்கில் அந்தப் பெயர் இரண்டு முறை பதிவாகும். மூணு தடவை, நாலு இருக்கும் என்று காலையில் சொன்னாளே.

நாற்பத்து மூன்று நாள் ஃபிளாப்பிகளையும் ஏற்றி, இரண்டு முறை பதிவான பெயர்களைத் தேடச் சொன்னாள்.

நான்கு இடங்கள்.

ஒன்று திங்கட்கிழமை. வேறு இரண்டு இடங்களில், பதிவு மாறிய இருவருக்கும் தற்செயலாக ஒரே ரத்த வகை. தீங்கில்லை. நான்காவது ஜூலை முப்பது. ரங்கநாயகி, வயது இருபத்து நான்கு, முதல் பிரசவம். அம்மா அடித்தது பி நெகட்டிவ். அதன்மேல் போய் விழுந்தது ஓ பாசிட்டிவ்.

லேப் டெக்னீஷியனின் மகளுக்கு நெகட்டிவ் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. போனை எடுத்தாள்.

"அம்மா, நீங்க ஒண்ணும் மறக்கல. தப்பு என்னுது. அதை அப்புறம் சொல்றேன். ரங்கநாயகின்னு ஒரு பொண்ணு, பி நெகட்டிவ். கம்ப்யூட்டர்ல ஓ பாசிட்டிவ்னு இருக்குது."



"பிரசவம் ஆயிருச்சா?" என்றாள் அருள்செல்வி.

"தெரியலைங்கம்மா."

"ஆயிருந்து, குழந்தை பாசிட்டிவா இருந்தா, மூணு நாளைக்குள்ள அவளுக்கு ஊசி போட்டாகோணும். இல்லாட்டி அடுத்த குழந்தைக்கு ஆபத்து. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வா."

*

லட்சுமணசாமியின் அறையில் நுழைந்தபோது மணி இரண்டே கால். அருள்செல்வி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். லேபுக்குள் போகக் கூடாது என்றதால் அவர் மேசைக்கு முன்னாலேயே நின்றிருந்தாள்.

ஜோஸ்லின் பிரிண்ட் எடுத்த தாள்களை மேசையில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். எதையும் விடவில்லை.

"உங்க முதலாளி மத்தியானந்தான் திருப்பூர்ல இருந்து பேசினாரு" என்றார் லட்சுமணசாமி. "புரோகிராம்ல ஒரு தப்பும் இல்லைன்னு சொன்னாருங்களே."

"அவருக்குத் தெரியாதுங்க சார். தப்பு நான் எழுதினதுலதான். அம்மா ஒவ்வொண்ணும் சரியாத்தான் அடிச்சிருக்காங்க. எழுதிக் குடுக்கச் சொன்னா எழுதிக் குடுக்கறேன்."

"எழுதித்தான் ஆகோணும். உங்க வேலைக்கு..."

"அதெல்லாம் அப்புறமுங்க" என்று அருள்செல்வி குறுக்கிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரைக் குறுக்கிட்டது அதுதான் முதல் தடவை. "முதல்ல பிரசவ ரிஜிஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்க."

ரிஜிஸ்டர் வந்தது. ரங்கநாயகி, ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி பத்து நிமிஷம், ஆண் குழந்தை. செவ்வாய் மதியம் வீட்டுக்குப் போயாயிற்று.

அன்று புதன்கிழமை. எழுபத்திரண்டு மணி நேரம் முடிய இன்னும் ஐந்து மணி நேரம்கூட இல்லை.

லட்சுமணசாமி தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். பிரசவ வார்டு டாக்டர் சாயிரா பானுவைக் கூப்பிட்டார். ஊசி மருந்து மருத்துவமனையில் இல்லை. காந்திபுரத்து மருந்துக்கடை ஒன்றில் ஒரே ஒரு குப்பி இருந்தது. அதை ஐஸ் வைத்து வாங்கி வர ஆள் போனது. ரிஜிஸ்டரில் இருந்த முகவரி கிணத்துக்கடவு. பக்கத்து வீட்டு போன் நம்பர் ஒன்று இருந்தது. ஜோஸ்லின் சுற்றினாள். எங்கேஜ்டு. மறுபடி சுற்றினாள். ஏழாவது தடவை ஒரு பெண் எடுத்தாள்.

"ரங்கநாயகிங்களா? அந்தப் புள்ளை இங்க இல்லீங்க. பெத்தெடுத்ததும் நேரா அவுங்கம்மா ஊட்டுக்குக் கூட்டிப் போயிட்டாங்க. காரமடைங்க. ரங்கநாதர் கோயிலுக்குப் பின்னால, மாவு மில்லுக்குப் பக்கத்துலயாம். போன் எல்லாம் இல்லீங்க."

கிணத்துக்கடவு தெற்கே, காரமடை வடக்கே. கேட்காமல் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜோஸ்லின் யோசிக்காமலிருக்க முயன்றாள்.

அருள்செல்வி லட்சுமணசாமியைப் பார்த்தாள். "நான் லேப்புக்குள்ள போகலாமுங்களா? டெஸ்ட் பண்ற மருந்தும், சொட்டு விடற வெள்ளை ஓடும் எடுக்கோணும்."

"போங்க" என்றார் அவர். பிறகு, "நானே வந்து திறந்து விடறேனுங்க" என்று முன்னால் நடந்தார்.

*

குப்பி வந்து, மருத்துவமனை வேன் கிளம்பியபோது நாலரை. மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க லாரி. பெரியநாயக்கன்பாளையத்தில் கால் மணி நேரம் நகரவே இல்லை. ஐஸ் பெட்டியை டாக்டர் சாயிரா பானு மடியில் வைத்திருந்தாள். ஜோஸ்லின் நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அதைப் பார்க்காத. பார்த்தா வண்டி வேகமாப் போகாது" என்றாள் அருள்செல்வி.

மாவு மில்லைக் கண்டுபிடித்து வீட்டு வாசலில் நின்றபோது ஆறு மணி ஆகியிருந்தது. ரங்கநாயகியின் அம்மா வெங்கடம்மாள் வெளியே வந்தார். வேனில் எழுதியிருந்த மருத்துவமனைப் பெயரைப் பார்த்ததும் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் விஷயத்தைச் சொன்னாள். வெங்கடம்மாள் கதவை விட்டு நகரவில்லை.

"அந்தப் புள்ளை நல்லாத்தானுங்க இருக்கறா. இப்பத்தான் தூங்குது. நேத்து நீங்கதான் ஓ பாசிட்டிவ்னு கார்டு எழுதிக் குடுத்தீங்க. இன்னைக்கு நீங்களே வந்து அது இல்லீங்கறீங்க. எதைங்க நாங்க நம்பறது?"

 ஜோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கேள்வி தனக்கு மட்டுமே கேட்கப்பட்டதாக அவளுக்குத் தோன்றியது.

அருள்செல்வி முன்னால் வந்தாள். "எங்களை நம்ப வேண்டாமுங்க. உங்க கண்ணு முன்னால பண்றேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னா நாங்க போயிர்றோம்."

வெங்கடம்மாள் அவளையே பார்த்தார். பிறகு, "ஊட்டுக்குள்ள வாங்க" என்றார்.

ரங்கநாயகி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் துணிக்குள் குழந்தை. அருள்செல்வி வெள்ளை ஓட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். மருந்துக் குப்பியிலிருந்து மூன்று சொட்டு விட்டாள். முதலில் தன் விரலைத்தான் குத்திக்கொண்டாள்.

"இது என்ற ரத்தமுங்க. நான் பாசிட்டிவ். பாருங்க."

ஓட்டை மெல்லச் சாய்த்து ஆட்டினாள். சொட்டில் ரத்தம் திரிந்து, பொடிப்பொடியாகச் சிவப்புத் துணுக்குகள் மிதந்தன.

"பால் திரிஞ்ச மாதிரி ஆகுதுங்களா? பாசிட்டிவ்னா இப்படி ஆகும்."

அடுத்து ரங்கநாயகியின் விரல். வெங்கடம்மாள் ஓட்டின் மேல் குனிந்தார். அருள்செல்வி ஆட்டினாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அந்தச் சொட்டு சாயம்போல வழவழப்பாகவே ஓடியது. திரியவே இல்லை.

"இது ஆகலீங்களே" என்றார் வெங்கடம்மாள் மெதுவாக.

"ஆகாதுங்க. நெகட்டிவ்."

கடைசியாகக் குழந்தையின் குதிகால். அது வீல் என்று அழுதது. ரங்கநாயகியும் அழுதாள். மூன்றாவது சொட்டு அரை நிமிஷத்திலேயே திரிந்துவிட்டது. தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ். ஊசி தேவைப்படுகிற வகை அதுதான்.

ஜோஸ்லின் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறைகூட நடுங்கவில்லை.

"போடுங்க" என்றார் வெங்கடம்மாள்.

டாக்டர் ஊசி போட்டு முடித்தபோது ஆறு மணி முப்பத்தெட்டு நிமிஷம். சாயிரா பானு அதை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பழைய கார்டை வாங்கிக் குறுக்கே கோடு போட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தாள். வெங்கடம்மாள் புதுக் கார்டை வாங்கி நெடுநேரம் வைத்துப் பார்த்தார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

*

காப்பிக்குப் பிறகு தாயும் மகளும் மில் பக்கம் நடந்தார்கள். மூலையில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது.

"எனக்கு மறதி இல்லீல்ல?" என்றாள் அருள்செல்வி. கேட்கும்போது மகளைப் பார்க்கவில்லை.

"இல்லைங்கம்மா. நீங்க ரொம்ப வேகம். அதுக்கு என் புரோகிராம் ஈடு குடுக்கல."

அருள்செல்வி கைப்பையிலிருந்து காலையில் எழுதிய கடிதத்தை எடுத்துக் கிழித்தாள். துண்டுகளைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். "ஆனா நீ எழுதினது தப்புத்தான் கண்ணு. அம்மாங்கறதுக்காக நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"தெரியுமுங்கம்மா."

"சரி. உங்க முதலாளிக்குச் சொல்லு. மத்தவங்க சொல்லித் தெரியறதுக்கு முன்னால நீயே சொல்லு."

பூத்துக்குள் நுழைந்து ஜோஸ்லின் ஆபீஸ் நம்பரைச் சுற்றினாள். பாலகோபாலே எடுத்தார். நடந்ததை எல்லாம் சொன்னாள். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். வேலையை விட்டுப் போ என்பார் என்றுகூட எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"இது எல்லா இடத்துலயும் வருமா, ஜோஸ்லின்?"

"எல்லா இடம்னா? நாம ஒரே இடத்துலதானுங்களே போட்டிருக்கோம்?"

"கோபியில ஒரு நர்சிங் ஹோம்." அவர் குரல் உலர்ந்திருந்தது. "நானே போய்ப் போட்டேன். உன்கிட்ட அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். முப்பது நாள் ஆச்சு."

"அங்க கன்சோல் லாக்கைச் சேர்த்து வெச்சாங்களா, சார்?"

"நான் சொல்லவே இல்லையே. அது எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஜோஸ்லின் நர்சிங் ஹோமின் நம்பரை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வெளியே வந்தாள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பது நாள். எத்தனை பெயர்கள், எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்றினார்கள், யார் யாருக்குப் பிரசவம் ஆனது, ஒன்றும் தெரியாது. திரும்ப ஓட்டிப் பார்க்க ஒரு வரிகூட இல்லை.

அருள்செல்வி மகளின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி நம்பரைப் படித்தாள். பிறகு பூத்துக்குள் போனாள்.

"ஏனுங்க, கோபிச்செட்டிப்பாளையத்துக்கு எஸ்.டி.டி. கோடு நம்பர் என்னங்க?"

பூத்துக்காரர் சொன்னார். அவள் சுற்றினாள். ஜோஸ்லின் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஆபரேட்டர் எடுத்து லேபுக்குக் கொடுக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் ஒரு பெண் குரல் கேட்டது.

"நான் கோயமுத்தூருங்க. உங்களாட்டவே லேப்புல இருக்கறேன்" என்றாள் அருள்செல்வி. "அந்தப் புதுக் கம்ப்யூட்டர்ல ரிசல்ட் அடிக்கறது நீங்கதானுங்களா? ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனைக்காதீங்க. ஒரு பேருக்கு அடிச்சுபோட்டதா நெனச்சு, அப்புறம் பார்த்தா அடிக்காமயே நின்னு, மறுபடி அடிச்ச மாதிரி எப்பவாச்சும்..."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஜோஸ்லின் மீட்டரைப் பார்த்தாள். சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பிறகு அந்தக் குரல், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, மிக மெதுவாகக் கேட்டது.

"அக்கா, உங்களுக்கும் அப்படி ஆச்சுங்களா?"